கர்ப்ப காலத்தில் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

ஏழு வாரக் கர்ப்பம், வலிப்பு மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள், நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள். நான் மருத்துவர் அல்ல. அதே ஏழாவது வாரத்தில் நிறுத்திப் பார்த்தவள்.

என் நோயை மறைத்துத்தான் திருமணம் செய்து வைத்தார்கள். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் தந்த சொல்லை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் நான் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். நிறுத்திய நான்காம் நாள், பால் காய்ச்சும்போது விழுந்தேன். இடது மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கண் விழித்தபோது உள்ளங்கையில் பீரோச் சாவிக்கொத்து இருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாகர்கோவிலிலிருந்து பக்கம் என்பதால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குப் போனோம். வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே அங்கு 1998 முதல் தனிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். நான் சாப்பிட்ட லாமோட்ரிஜின், கர்ப்பத்தில் உடலிலிருந்து வேகமாக வெளியேறும் என்பதால் அளவை இருமுறை கூட்டி, பிரசவத்துக்குப் பின் படிப்படியாகக் குறைத்தார்கள். தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நீங்கள் சாப்பிடுவது வால்ப்ரோயேட் என்றால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். பிறவிக் குறைபாடும் அறிவு வளர்ச்சிப் பாதிப்பும் அதில்தான் அதிகம். அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பிரசவம் ஊரிலேயே, வேறொரு மருத்துவமனையில். வலி எடுத்த இரவில், வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்று செவிலியர் என் மாத்திரையையும் தடுத்துவிட்டார். தூக்கமும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று என் கணவர் சண்டை போட்ட பிறகுதான் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. வலிப்பு இருப்பதாலேயே வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்பதும் இல்லை.

தாய்ப்பால் கொடுத்தேன். மருந்தை உண்டுகொண்டு கொடுக்கலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். என் மருத்துவர் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். தூக்கம் கெட்டால் எனக்கு வலிப்பு வரும் என்பதால், பின்னிரவுப் பாலைப் பீய்ச்சி வைத்துவிடுவேன். அதை என் கணவர் புகட்டுவார். பகலில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தே பால் கொடுத்தேன்; அம்மா அருகில் இல்லாமல் குழந்தையைக் குளிப்பாட்டியதில்லை.