அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பிரிவு?

கேள்வி: என் மகளுக்கு அக்டோபர் 3ஆம் தேதி 14 வயது நிறைந்தது. நான்கு வருடமாக நீச்சல் ஸ்குவாடில் இருக்கிறாள். இந்த சீசனில்தான் சிட்னி வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சர்ஃப் கிளப்பில் (கடற்கரை உயிர்காப்புச் சங்கம்) சேர்த்தோம். பிப்ரவரியில் நடக்கும் பிராஞ்ச் (வட்டார) போட்டியில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறாள். பள்ளிக்கூடத்தில் பிரான்ஸ் மெடாலியன் (வெண்கலப் பதக்கம் என்ற உயிர்காப்புத் தகுதி) வாங்கியிருக்கிறாள். 'அது செல்லாது. 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு வேறு சான்றிதழ் வேண்டும். 350 டாலர் கொடுங்கள், ஒரே வாரக் கடைசியில் முடித்துத் தருகிறேன்' என்கிறார் தெரிந்த ஒருவர். கொடுக்கலாமா?
- பென்டில் ஹில் வாசகர்

பதில்:

கொடுக்காதீர்கள். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், உங்கள் மகள் 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவே கிடையாது. இந்த சீசன் முழுவதும் அவள் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு, அதாவது நிப்பர்ஸ் என்ற சிறுவர் பிரிவின் கடைசி வருடம். அந்த நண்பர் சொல்லும் சான்றிதழ் இந்தப் பிப்ரவரிக்குத் தேவையே இல்லை. அவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம்.

'14 முடிந்துவிட்டதே, எப்படி?' என்பீர்கள். வருடத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது, ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். சர்ஃப் லைஃப் சேவிங்கில் வயதைப் போட்டி நடக்கும் நாளில் பார்ப்பதில்லை. சீசன் தொடக்கத்தில் ஒரே ஒரு இரவு, செப்டம்பர் 30 நள்ளிரவு. அந்த நேரத்தில் பிள்ளைக்கு என்ன வயதோ, அடுத்த ஏப்ரல் வரை அதுதான் கணக்கு. அன்றிரவு உங்கள் மகளுக்கு 13. மூன்று நாள் கழித்து 14 ஆனது எங்கள் பதிவேட்டுக்குத் தெரியாது. பிப்ரவரியில் 14 வயது நான்கு மாதத்தில் அவள் 14 வயதுக்கு உட்பட்டோரோடு நிற்பாள். அது ஏமாற்று வேலை ஆகாது, விதியே அப்படித்தான். அதே வகுப்பில் படிக்கும் அவளுடைய தோழி செப்டம்பர் 28 அன்று 14 ஆகியிருந்தால், ஐந்தே நாள் மூத்த அந்தப் பிள்ளை மேல் பிரிவு. அவளுக்குத்தான் சான்றிதழ் வேண்டும்.

பெற்றோர் குழம்புவதில் ஆச்சரியமே இல்லை. நீச்சல் கிளப் போட்டிகளில் பெரும்பாலும் போட்டி தொடங்கும் நாளில் என்ன வயது என்று பார்க்கிறார்கள். பள்ளி விளையாட்டில் அந்தக் காலண்டர் வருடத்தில் எத்தனை வயது ஆகிறது என்று பார்க்கிறார்கள். நாங்கள் செப்டம்பர் 30ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பிள்ளைக்கு ஒரே மாதத்தில் மூன்று வயது! மூன்று அமைப்புகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் அரை நாள் வேலை. யாரும் உட்கார மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்னிவலில் நான் நடுவராக இருந்தேன். கொடி பிடிக்கும் போட்டியில் ஒரு பையன் முதலாவதாக வந்தான். மணலில் குப்புறப் படுத்து, விசில் கேட்டதும் எழுந்து திரும்பி ஓடி, நட்டு வைத்த குழாய்த் துண்டைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். ஆளைவிடக் கொடி குறைவாக இருக்கும். அவன் பாய்ந்த அழகை இன்னும் மறக்கவில்லை. அரை மணி நேரத்தில் வேறொரு கிளப் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தது. பையன் பிறந்தது செப்டம்பர் 29. அப்பா அக்டோபர் 1 என்று நினைத்துக் கீழ்ப் பிரிவில் போடச் சொல்லியிருக்கிறார், கிளப்பில் அன்று யாரும் சரிபார்க்கவில்லை. அவன் மெடலைக் கழற்றி, ரிப்பனை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான். அப்பா எங்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஆகவே, பிறப்புச் சான்றிதழில் இருக்கிற தேதியும் கிளப் பதிவில் இருக்கிற தேதியும் ஒன்றா என்று இந்த வாரமே பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாகியிருந்தால் 3/10 மார்ச் 10 ஆகிவிடும். அப்புறம் வேறு பிரிவு.

சரி, அவளுக்கு என்னதான் வேண்டும்? இரண்டு சோதனைகள், இரண்டும் கிளப்பிலேயே நடக்கும். ஒன்று குளத்தில், அவளுடைய பிரிவுக்கு 200 மீட்டர் நீந்தி, சிறிது நேரம் மிதந்தும் காட்ட வேண்டும். ஸ்குவாடில் நீந்துகிற பிள்ளைக்கு இது காலை வார்ம்-அப். மற்றது கடலில், குறைந்தது 288 மீட்டர். ஏன் 300 என்று வைக்காமல் 288 என்று என்னிடம் கேட்காதீர்கள், மிதவைகளை வைத்துக் கணக்குப் போட்ட யாரோ ஒருவரின் வேலை. கடல் சோதனைதான் முக்கியம். குளத்தில் முதலாவதாக வரும் பிள்ளைகள் முதல் அலைச் சுவரின் முன்னால் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அலை வரும்போது அடியில் முங்கி மணலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ரிப் (ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம்) ஓடும் இடத்தைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிறு காலை நிப்பர்ஸ் வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். வகுப்பைத் தவறவிட்டு நேரே போட்டிக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

இனி அந்த 350 டாலர் விவகாரம். அவர் சொல்வது சர்ஃப் ரெஸ்க்யூ சர்டிஃபிகேட். அடுத்த சீசனில் அவள் மேல் பிரிவுக்குப் போகும்போது அது கட்டாயம். 13 வயது முடிந்திருந்தால் எடுக்கலாம், ஆகவே இந்தக் கோடையிலேயே நிதானமாக எடுத்துக்கொள்ளட்டும். 200 மீட்டரை 5 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அப்புறம் கடற்கரையில் 100 மீட்டர் ஓட்டம், 100 மீட்டர் நீச்சல், மறுபடி 100 மீட்டர் ஓட்டம், எல்லாம் சேர்த்து 5 நிமிடம். அதோடு முதலுதவி, சிபிஆர், கைச்சைகைகள், மிதவை டியூப் வைத்துக் காப்பாற்றுவது என்று பாடம் நீளும். பயிற்சி கொடுப்பது கிளப். சோதிப்பவர் பயிற்சி கொடுத்தவராக இருக்கக் கூடாது. பெரும்பாலான கிளப்புகளில் சந்தா கட்டிய உறுப்பினருக்கு இது இலவசம், சில இடங்களில் கையேட்டுக்கு ஏதாவது கேட்பார்கள். தனி ஆள் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கொடுக்க முடிந்த சான்றிதழே இது கிடையாது.

இந்த ஆட்கள் பிழைப்பதே ஒரு பெயர்க் குழப்பத்தில். பிரான்ஸ் மெடாலியன் என்று ஆஸ்திரேலியாவில் இரண்டு இருக்கின்றன. ஒன்று ராயல் லைஃப் சேவிங் கொடுப்பது. உங்கள் மகள் பள்ளியில் வாங்கியது அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்கு 14 வயது போதும். 400 மீட்டரை 13 நிமிடத்தில் நீந்தினால் சரி. இன்னொன்று சர்ஃப் லைஃப் சேவிங் கொடுப்பது. அதற்கு 15 வயது வேண்டும், அதே 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மேலே கடற்கரையில் 200 ஓட்டம், 200 நீச்சல், 200 ஓட்டம், 8 நிமிடத்தில். இரண்டுக்கும் பெயர் ஒன்று. முதலாவது கெட்டது என்று சொல்லவில்லை. குளம், ஆறு, ஏரி என்று அதற்கு அதன் மதிப்பு உண்டு. ஆனால் சர்ஃப் கிளப் பதிவேட்டில் அதைப் போட இடமே கிடையாது. இரண்டு பெரிய அமைப்புகள், இரண்டிலும் நல்ல மனிதர்கள், நூறு வருடத்துக்கு மேலாக ஒரே பெயரை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு புதிதாக வந்த குடும்பங்களைத் திண்டாட விடுகிறார்கள். யாராவது ஒருவர் பெயரை மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

போன வருடம் ஒரு தம்பதி லேமினேட் செய்த மூன்று சான்றிதழ்களோடு வந்தார்கள். ஒன்று ஊரில் ரிசார்ட் நீச்சல் குளத்தில் வேலை பார்த்தபோது கணவர் வாங்கியது. ஒன்று ராயல் லைஃப் சேவிங். மூன்றாவது, இங்கே ஒருவர் 'மாற்றிக் கொடுத்தது'. அழகான தங்க நிற ஓரம், கீழே ஒரு கையெழுத்து, எந்த அமைப்பின் பெயரும் இல்லை. அதற்கு அவர்கள் கொடுத்த தொகையைச் சொன்னால் உங்கள் 350 சில்லறையாகத் தெரியும். நான் அந்த ஆளுக்குப் போன் செய்தேன். எடுக்கவே இல்லை.

இதே கூட்டத்தின் இன்னொரு வேலை: நிப்பர்ஸில் உதவி செய்யும் பெற்றோருக்கு, பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அரசுச் சோதனை வேண்டும். வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் தன்னார்வலர்களுக்கு அது இலவசம். ஆன்லைனில் படிவம், அப்புறம் அடையாளச் சரிபார்ப்பு, ஐந்து வருடம் செல்லும். 'நான் பூர்த்தி செய்து தருகிறேன்' என்று 80 டாலர் வாங்குபவர்களை எனக்குத் தெரியும். கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெயர் விஷயமும் ஒன்று உண்டு, நம்மவர்களுக்கென்றே வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர். மெடிகேர் அட்டையில் இனிஷியல். கிளப்பில் சேரும்போது பள்ளியில் கூப்பிடும் சுருக்கப் பெயர். இந்த வருடம் அது உங்களைத் தொடாது. 15 வயதில் சர்ஃப் பிரான்ஸ் எடுக்கும்போது மாணவர் அடையாள எண் ஒன்று கேட்பார்கள், யுஎஸ்ஐ. அதில் உள்ள பெயரும் கிளப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்துக்காக விருது வாரக்கணக்கில் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு நம் பெயர் வழக்கம் புரியாது, அதை உட்கார்ந்து திருத்துகிறவருக்கும் புரியாது. இப்போதே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்: போர்டு (அலையில் துழாவிப் போகும் பலகை) வாங்காதீர்கள். நிப்பர் போர்டு 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அடுத்த வருடம் மேல் பிரிவில் 3.2 மீட்டர் வரை நீளமான, குறைந்தது 7.6 கிலோ எடையுள்ள வேறு போர்டு. ஆகவே இன்று வாங்கும் நிப்பர் போர்டுக்கு ஆயுள் ஒரே கோடை. கிளப் கொட்டகையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், இரவல் கேளுங்கள். 'நல்ல போர்டு, கொஞ்சம்தான் உபயோகித்தது' என்று விற்க வருபவரின் பிள்ளை இந்த வருடம்தான் 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்குப் போயிருக்கும்.

போட்டிக்கு நீங்கள் நேரடியாகப் பெயர் கொடுக்க முடியாது, கிளப்தான் கொடுக்கும். ஆகவே இந்த ஞாயிறு டீம் மேனேஜரைப் பார்த்து இரண்டே விஷயம் கேளுங்கள்: பெயர் கொடுக்கக் கடைசித் தேதி எது, அதற்குள் கடல் சோதனை எந்த நாளில். தேதி தாண்டினால் பிராஞ்சில் யாரும் இரங்க மாட்டார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் வருவதை நம்பாமல் போட்டிச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாட்ரோல் (கடற்கரைக் காவல்) மணிக்கணக்கு பற்றி யாராவது பயமுறுத்தினால் அது அடுத்த வருடக் கவலை, நிப்பர்களுக்கு பாட்ரோல் கிடையாது. போன வருடம் வேறு கிளப்பில் பதிந்திருந்தால் மட்டும் மாற்றல் கேட்க வேண்டும், அதை இன்றே தொடங்குங்கள்.

அன்றைக்குத் தண்ணீரில் இறங்க கிளப் கேப்பும் (தொப்பி) பளிச்சென்ற இளஞ்சிவப்பு மேல்சட்டையும் கட்டாயம். 'கடுப்பாக இருக்கிறது, போட மாட்டேன்' என்று பிள்ளைகள் முனகுவார்கள். கோல்ட் கோஸ்டில் குரவா கடற்கரையில் நடந்த தேசியப் போட்டிகளில் 1996, 2010, 2012 என்று மூன்று முறை இளம் போட்டியாளர்கள் இறந்திருக்கிறார்கள். கடைசியாக இறந்த பையனுக்கு 14 வயது. கலங்கிய தண்ணீரில் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் சட்டை எல்லோருக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். மற்ற விதிகளில் எனக்கு ஆயிரம் குறை உண்டு, இதில் ஒன்றும் இல்லை.

கேப்பின் நாடா தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தலைமுடி நீளமானால் உள்ளே ஒரு சிலிக்கான் கேப் போட்டு அதன் மேல் கட்டுங்கள். வீட்டிலேயே இரண்டு தடவை கட்டிப் பழகட்டும். வரிசையில் நிற்கும்போது கை நடுங்கும், அப்போது முடிச்சு விழாது. தண்ணீர் பயமாகத் தெரிந்தால் கையை உயர்த்தித் திரும்பி வரலாம் என்றும் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பக்கத்தில் போர்டில் இருப்பவர் வந்து கூட்டிப் போவார். அதற்காக யாரும் அவள் பெயரை எழுதி வைத்துக்கொள்வதில்லை.