மருவைச் சுடலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. வலது கை விரல்களில் ஏழெட்டு மாதமாக மரு இருக்கிறது. முதலில் ஒன்று, இப்போது ஐந்து. அதில் ஒன்று நகத்தை ஒட்டி. உடம்புச் சூடு என்கிறார் மாமியார். சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து அவர் வைத்ததில் ஒரு விரல் புண்ணாகிவிட்டது. கரண்ட் வைத்துச் சுட்டுவிடுங்கள் என்கிறார்கள் சிலர். புற்றுநோய் தரும் வைரஸ்தான் இது என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் தூங்குங்கள். மரு வரவைக்கும் வைரஸுக்குப் பெயர் ஹெச்பிவி. அது ஒரே வைரஸ் இல்லை, 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படுபவை முக்கியமாக 16, 18 ஆகிய வகைகள். கைவிரலில் மரு வரவைப்பவை 2, 4, 27, 57 போன்ற வேறு வகைகள். குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரன் செய்த குற்றத்துக்கு இவனைப் பிடித்து உள்ளே போட முடியாது.

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், வைரஸ் உள்ளே போய் மேல்தோலின் அடி அடுக்கில் உட்கார்ந்து, அங்குள்ள செல்களைத் தாறுமாறாகப் பெருக வைக்கிறது. அது மருவாகத் தலை நீட்ட இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம் என்பதால் யாரிடமிருந்து ஒட்டியது என்று துப்பறிவது வீண். உங்கள் பையன் நகம் கடிப்பானா? நகத்தோரம் மரு வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், பாதிப் பேர் அப்போதே கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். கடிக்கக் கடிக்க ஓரத்தோல் பிய்ந்து வைரஸுக்கு வாசல் திறந்து கிடக்கும், சில சமயம் உதட்டிலும் ஒன்று முளைக்கும். ‘மருவின் ரத்தம் பட்ட இடமெல்லாம் மரு முளைக்கும்’ என்று நம் பக்கம் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. பரப்புவது ரத்தமில்லை, கிள்ளும்போது விரலில் ஒட்டி வரும் தோல் துணுக்கு.

நீங்கள் சொல்வது மருதானா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கும், விரல் ரேகை அதன் மேல் ஓடாமல் ஓரத்தோடு நின்றுவிடும், உள்ளே மிளகுத்தூள் சிந்தினாற்போல் சில கரும்புள்ளிகள் தெரியும். அதை ‘வேர்’ என்று ஊசியால் தோண்டுகிறவர்கள் உண்டு. அது வேரில்லை, அடைத்துப்போன நுண்ணிய ரத்தக்குழாய்கள். கழுத்திலும் அக்குளிலும் மெத்தென்று தொங்கும் சதையையும் நாம் மரு என்றுதான் சொல்கிறோம், முடி கட்டி அறுப்பதும் அதைத்தான். அது வைரஸால் வருவதே இல்லை, அந்த வைத்தியத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். பிள்ளைகளின் மருக்களில் ஏறக்குறைய பாதி ஒரு வருடத்தில் தானாகவே போய்விடும். இரண்டு வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உடலின் எதிர்ப்புச் சக்தி வைரஸை என்றைக்கு அடையாளம் கண்டுகொள்கிறதோ, அப்போது தடம்கூட இல்லாமல் உதிரும். அதனால்தான் அம்மான் பச்சரிசிச் செடியின் பால் வைத்தவருக்கும் போகிறது, கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டவருக்கும் போகிறது, எங்களிடம் மருந்து வாங்கியவருக்கும் போகிறது. கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்குப் பெயர்! (எங்களுக்கும் இப்படிச் சும்மா கிடைத்த நல்ல பெயர் நிறைய.)

சுண்ணாம்பும் சலவை சோடாவும் மட்டும் அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. மருவோடு நல்ல தோலையும் ஆழமாக அரித்து, தழும்பு போட்டுவிட்டுத்தான் போகும். அந்தப் புண் முழுதாக ஆறும்வரை அந்த விரலில் எதுவும் வேண்டாம்.

மற்ற விரல்களுக்கு, சாலிசிலிக் ஆசிட் கலந்த மரு பெயிண்ட் மருந்துக்கடையில் கிடைக்கும், சுமார் 17 சதவீதம். ராத்திரி கையை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெளுத்த தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்து எடுங்கள் (ரத்தம் வரும்வரை இல்லை, அப்புறம் அந்த அட்டையால் யாரும் நகம் தேய்க்கக்கூடாது). சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவி, தீக்குச்சி நுனியால் மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. எரிச்சல் அதிகமானால் இரண்டு நாள் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். இதை 12 வாரம் செய்ய வேண்டும். பத்து நாளில் ‘கேட்கவில்லை டாக்டர்’ என்று விட்டுவிடுகிறார்கள், மருந்து தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

கரண்ட் வைத்துச் சுடுவதை இந்த வயதில், அதுவும் நகத்தோரம், நான் விரும்புவதில்லை. மரத்துப்போக ஊசி, வலி, நகம் கோணலாக வளரும் வாய்ப்பு, எல்லாம் பட்ட பிறகும் திரும்ப வரலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவிக்கு அவசரப்பட்டு மருவை உறைய வைத்து அனுப்பினேன். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், நல்ல முறைதான், ஆனால் ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் நடுவில் சுத்தமான தோல், சுற்றிலும் வளையமாகச் சின்னச் சின்ன மருக்கள்! அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நம் நிறத் தோலில் உறைய வைத்த இடம் பல மாதம் வெளுத்தோ கறுத்தோ தெரியும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்திலும் அசையவில்லை, அல்லது எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகத்திலோ பிறப்புறுப்பிலோ இருந்தால், சர்க்கரை நோயாளியின் காலில் இருந்தால், இந்த பெயிண்டைத் தொடவே கூடாது. ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக ஒன்று வந்து ரத்தம் கசிந்தால் மரு என்று நாமே முடிவு செய்யாமல் உடனே காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம் தாராளமாகப் போகலாம். துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும். மாமியார் கோயிலுக்கு உப்பு மிளகு எடுத்துப் போவதாக இருந்தால் போகட்டும், சுண்ணாம்பு டப்பா வெற்றிலைப் பெட்டியை விட்டு வெளியே வராமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.