மாண்டூ வீக்கமும் 380 வெள்ளி மாத்திரையும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்வு பெற்ற என் மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார். போன மாதம் அவருக்குக் காசநோய் என்று கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தார்கள். வீட்டில் எல்லோரையும் சோதித்ததில், 9 வயது மகனுக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கையில் போட்ட மாண்டூ ஊசி 12 மில்லிமீட்டர் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட பிள்ளைக்கு எதற்கு இது? கோயிலில் பழக்கமான ஓர் அக்கா, "கிருமியோட வெப்ப அதிர்ச்சிப் புரதம்தான் எதிர்ப்பு சக்தியை எழுப்புது, இந்த மாத்திரையும் சூட்டுப் போர்வையும் அதைத்தான் செய்யும்" என்று 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு செட் தருகிறார். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு புரதம் உண்மையிலேயே இருக்கிறது. வாங்கலாமா? மாமனாருக்குச் சாயங்காலம் வரும் காய்ச்சலையும் குறைக்காமல் விட்டால் நல்லது என்கிறாரே?

பதில்: வாங்காதீர்கள். பையனுக்குச் சொன்ன தடுப்பு மருந்தை ஆரம்பியுங்கள். கடைசிக் கேள்விக்கு முடிவில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

புரதம் இருப்பது உண்மை. 1962இல் இத்தாலியில் ரிட்டோசா என்ற ஆய்வாளர் பழ ஈயின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார்கள். ஈயின் குரோமோசோம்களில் சில இடங்கள் உப்பி நின்றன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று தெரிந்தது அப்படித்தான். அவை உண்டாக்கும் புரதங்களுக்குப் பின்னால் வந்த பெயர் வெப்ப அதிர்ச்சிப் புரதம். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். சூடு மட்டுமல்ல, அமிலம், பட்டினி, ஆக்சிஜன் தாக்குதல் என்று எந்த நெருக்கடி வந்தாலும் செல் இவற்றைக் கூடுதலாகச் செய்யும்.

இவற்றின் வேலை தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் புரியும். வெட்டிய ரப்பர் பாலை அப்படியே விட்டால் கட்டிவிடும். அதனால் ஸ்டோருக்குப் போகும் முன் அமோனியா ஊற்றுவார்கள். நெருக்கடியில் சிக்கிய செல்லுக்குள்ளும் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அப்படிக் கட்டாமல் பார்த்துக்கொள்வது இவை. அமோனியாவால் முடியாத ஒன்றையும் செய்யும்: குலைந்ததைத் திரும்ப ஒழுங்காக மடித்துவிடும். இவற்றில் ஒன்றான, பாக்டீரியாவில் இருக்கும் குரோஇஎல் என்பது ஏழு ஏழு துண்டாக இரண்டு வளையம் அடுக்கிய பீப்பாய் மாதிரி. குலைந்த புரதம் உள்ளே போகும், மூடி விழும், மடிந்து வெளியே வரும்.

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனதும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல் அதை விழுங்குகிறது. உள்ளே அமிலமும் ஆக்சிஜன் நஞ்சும் காத்திருக்கும். கிருமி பிழைக்க இந்தப் புரதங்களை அள்ளி அள்ளிச் செய்தாக வேண்டும். உடல் கிருமியை அடையாளம் பிடிப்பதும் இங்கேதான். கிருமியிடம் அதிகமாகக் கிடக்கும் சரக்கின் துண்டுகளைத்தான் மேக்ரோஃபேஜ் எடுத்து டி செல்கள் என்ற எதிர்ப்புப் படைக்குக் காட்டும். காசநோய், தொழுநோய் இரண்டிலும் உடல் குறிவைக்கும் புரதங்களில் பல இந்த வகைதான் என்று 1988லேயே ஆய்வு வந்துவிட்டது.

ஆக, பிழைக்க உதவுவதே கிருமியைக் காட்டியும் கொடுக்கிறது. 2001இல் வந்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. காசநோய்க் கிருமியில் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தை அடக்கி வைக்கும் மரபணு ஒன்றை நீக்கினார்கள். அந்தக் கிருமி புரதத்தை அளவுக்கு மீறிச் செய்தது. எலிகளில் முதலில் வழக்கம்போலப் பெருகினாலும், தொற்று நீடித்தபோது அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எலிகளின் எதிர்ப்பும் கூடியிருந்தது. குறைவாகச் செய்தால் நெருக்கடியில் சாகும், கூடுதலாகச் செய்தால் பிடிபடும். கிருமியின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான்.

அக்காவின் பேச்சு இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் இங்கிருந்து மாத்திரைக்குப் பாலம் கிடையாது. வாயில் போட்ட புரதத்தை வயிறு, சாப்பிட்ட டெம்பேயை (சோயா கட்டி) போலத்தான் அரைக்கும். போர்வைச் சூட்டில் கூடுவது நம்முடைய சொந்த வெப்ப அதிர்ச்சிப் புரதம், கிருமியுடையது அல்ல. சூட்டில் கிருமி செத்துவிடும் என்று நினைத்தால், மாட்டுப் பாலைப் பாஸ்டரைஸ் செய்ய 63 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். அவ்வளவு சூட்டில் கிருமிக்கு முன்னால் நாம் போய்விடுவோம்.

எதிர்ப்பைக் கூட்டினால் நல்லது என்ற நினைப்பே இந்த நோயில் ஒரு பொறி. 1890இல் ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கோக், கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலினை மருந்து என்று அறிவித்தார். நோயாளிகள் பெர்லினுக்குக் கூட்டமாகப் போனார்கள். ஊசி போட்ட பலருக்குக் கடும் காய்ச்சல், சிலர் இறந்தே போனார்கள். நோய் குணமாகவில்லை. நுரையீரலில் குழி விழுவதில் கிருமியைவிட நம் உடலின் எதிர்வினைக்கே பங்கு அதிகம் என்பது பிறகுதான் புரிந்தது. இந்தப் புரதம் ஒன்றின் மரபணுவை வைத்துச் செய்த தடுப்பூசியும் அப்படித்தான்: ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கிருமியைக் குறைத்தது, இன்னொன்றில் ஏற்கனவே நோயிருந்த எலிகளின் நுரையீரலைப் புண்ணாக்கியது. போதாததற்கு, கிருமியின் இந்தப் புரதத்துக்கும் மனித உடலில் உள்ளதற்கும் கிட்டத்தட்ட பாதி ஒற்றுமை உண்டு. குறி தவறினால் சொந்த உடலையே அடிக்குமோ என்ற சந்தேகம் மூட்டுவாத ஆய்வுகளில் பல காலமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புரதம் நேராக எதிர்ப்பு சக்தியைக் கிளப்பிவிடும் என்று சொன்ன பழைய சோதனைகள் பலவற்றில், புரதத்தை ஈ.கோலி பாக்டீரியாவில் வளர்த்து எடுத்தார்கள். அந்தப் பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நஞ்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்து, கிளப்பியது அந்த நஞ்சுதான் என்று பிற்பாடு தெரிந்தது. விற்பனைத் தாளில் பழைய ஆய்வு மட்டும்தான் இருக்கும்.

கோக்கின் அந்த டியூபர்குலின்தான் சுத்திகரிக்கப்பட்டு இன்று உங்கள் மகன் கையில் ஏறியது. கிருமியை வளர்த்து, சூட்டில் கொன்று, வடித்தெடுத்த புரதக் கலவை அது. அதிலும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் தாராளம். ஏற்கனவே அறிமுகமான டி செல்கள் இரண்டு மூன்று நாளில் அங்கே கூடுவதால்தான் தடிக்கிறது. அதனால்தான் சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் அளப்பார்கள். சரி, பிசிஜியிலும் இதே புரதங்கள் உண்டே, வீக்கம் அதனால் வந்திருக்கலாமே? நியாயமான சந்தேகம். ஆனால் பிறந்ததும் போட்ட பிசிஜியின் தாக்கம் இந்தச் சோதனையில் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். ஒரே கூரையின் கீழ் இருமும் தாத்தா, 12 மில்லிமீட்டர் தடிப்பு: நான் தொற்று என்றுதான் எடுத்துக்கொள்வேன். சந்தேகம் தீராவிட்டால் காமா இன்டர்ஃபெரான் இரத்தச் சோதனை செய்ய முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அது பிசிஜியில் இல்லாத ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களை வைத்துப் பார்ப்பதால் பிசிஜி அதைக் குழப்பாது.

தொற்று வேறு, நோய் வேறு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, இருமலோ எடை இறக்கமோ இல்லையென்றால் கிருமி உள்ளே தூங்குகிறது. பையன் பள்ளிக்கூடம் போகலாம், அவனால் யாருக்கும் ஒட்டாது. ஆனால் தூங்குவது விழிக்கும் ஆபத்து முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். பிசிஜி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காப்பாற்றுகிறது. தொற்றே வராமல் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்குத்தான் தடுப்பு மருந்து. ஐசோனியாசிட் மட்டும் என்றால் 6 மாதம், ரிஃபாம்பிசின் சேர்த்தால் 3 மாதம். ரிஃபாம்பிசினில் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பதறாதீர்கள். கண் மஞ்சளித்தால், வாந்தி நிற்காவிட்டால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். இந்த மருந்துகள் கல்லீரலுக்குச் சுமை. கூட ஒரு மாத்திரை என்பது இன்னொரு மூட்டையை ஏற்றுவது மாதிரி. பெட்டியில் மால் எண் இருக்கிறது என்று அக்கா காட்டலாம். அது பதிவு செய்த பொருள் என்பதற்கான அடையாளம்தான், காசநோய்க்கு மருந்து என்பதற்கு அல்ல. காசநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

இப்போது மாமனாருக்கு வருவோம். காய்ச்சலை விட்டு வைத்தால் கிருமி சீக்கிரம் சாகும் என்பதெல்லாம் இல்லை. அதைக் கொல்வது மருந்து. உடம்பு அனத்தினால் பாராசெட்டமால் கொடுக்கலாமா, எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். ஆனால் காசநோய் மருந்து சரியாகப் போனால் சாயங்காலக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்கும். ஒரு மாதமாகியும் வருகிறது என்றால் மருந்து விட்டுப்போகிறதா, கிருமி மருந்துக்கு அடங்காததா, சர்க்கரை நோய் போல வேறு ஏதாவது கூட இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். எந்த நாள் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று ஒரு தாளில் எழுதி, மருந்து அட்டையோடு நாளைக் காலையிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.