கப்பல் பட்டியலைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: மேடலின் மில்லரின் ‘சர்ஸி’ நாவலை மூன்றே நாளில் முடித்தேன். அன்றிலிருந்து கிரேக்கப் புராணப் பைத்தியம் பிடித்துவிட்டது. என் அண்ணனோ, “நாவலைப் படித்துவிட்டுப் புராணம் தெரியும் என்று சொல்லாதே, மூலத்தைப் படி” என்கிறார். ஆசையாக, டிராய்ப் போரைப் பற்றி ஹோமர் பாடிய இலியட் காவியத்தை வாங்கினேன். இரண்டாம் காண்டத்தைத் தாண்ட முடியவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டாம் காண்டம் என்றதுமே புரிந்துவிட்டது. கப்பல் பட்டியல்தானே? டிராய் மீது படையெடுத்த கிரேக்கர்களில் எந்த ஊரிலிருந்து, யார் தலைமையில், எத்தனை கப்பல் வந்தது என்று 250 வரிகளுக்கு மேல் போகும். கூட்டிப் பார்த்தால் 1,186 கப்பல்கள். அந்தக் காலத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் குஷியாக இருந்திருக்கும். நமக்கு வாக்காளர் பட்டியல் படிக்கிற மாதிரிதான். கூச்சப்படாமல் தாண்டிப் போங்கள்.

என்னைக் கேட்டால் இலியடையே கொஞ்ச நாள் அலமாரியில் வைத்துவிடலாம். உங்களுக்குப் பழக்கமானவள் சூனியக்காரி சர்ஸி. போர் முடிந்து ஒடிஸியஸ் ஊர் திரும்பும் கதையான ஹோமரின் ஒடிஸியில் 10ஆம் காண்டத்தைத் திறந்தால் பாடிக்கொண்டே தறி நெய்துகொண்டிருப்பாள். வெளியே ஓநாயும் சிங்கமும் நாய் மாதிரி வாலாட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போன ஒடிஸியஸின் மாலுமிகளைப் பன்றியாக்கிப் பட்டியில் அடைத்து, ஓக் மரக் கொட்டைகளை வீசுகிறாள். உடம்புதான் பன்றி, புத்தி பழைய மனிதப் புத்தியேதான் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறார் ஹோமர். முதல்முறை படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் இப்படிச் செய்கிறாள்? நாவலில் அதற்குப் பின்னால் பெரிய காயம் ஒன்று இருக்கிறது. ஹோமர் காரணமே சொல்வதில்லை. மில்லர் புகுந்து எழுதிய இடமே அதுதான். அப்புறம், ஒடிஸியஸ் அங்கே ஒரு வருடம் விருந்து சாப்பிட்டுக்கொண்டு கிடக்க, ஊர் ஞாபகம் இல்லையா என்று கூட வந்தவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. அதையும் விட்டுவிடாதீர்கள். 2017இல் வந்த எமிலி வில்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு எளிமையாக இருக்கும்.

சரி, அண்ணனுக்கு வருவோம். எது மூலம் என்று அவரிடமே கேளுங்கள். டிராயை வீழ்த்திய மரக்குதிரை இலியடில் வராது; அந்தக் காவியம் டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. கிரேக்க வீரன் அக்கிலிஸைக் குதிகாலில் அடித்தால்தான் கொல்ல முடியும் என்ற கதையும் ஹோமரிடம் இல்லை. சர்ஸியின் மகன் டெலிகோனஸை நாவலில் பார்த்தீர்களே, அவன் ஒடிஸியில் கிடையாது. அவன் கதையைச் சொன்ன காவியம் தொலைந்துபோய்ச் சுருக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. கி.மு. 412இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸ் போட்ட நாடகத்தில், போருக்கே காரணமான ஹெலன் டிராய் நகரத்துக்கே போகவில்லை! அவள் எகிப்தில் இருக்கிறாள், டிராயில் இருந்தது வெறும் மாய உருவம். பத்து வருடம் அடித்துக்கொண்டது அதற்காகவாம். கிரேக்கர்களே இப்படி மாற்றி மாற்றி எழுதியிருக்கும்போது மில்லரை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்?

இலியடை மறுபடி எடுக்கும்போது கடைசிக் காண்டமான 24இல் ஆரம்பியுங்கள். டிராயின் கிழட்டு ராஜா பிரியம் இரவோடு இரவாக எதிரியின் பாசறைக்குப் போய், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸின் கைகளையே முத்தமிட்டு, உடலைத் தரச்சொல்லிக் கேட்கிறான். அதை மட்டும் அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள்.