வாசகர் கேள்வி: பெட்டி, பேனா, சில்லறை

கிராஃபிக் நாவல் வெளியிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

என் முதல் கிராஃபிக் நாவல் அச்சுக்குப் போகிறது. 160 பக்கம், ஆர்ட் பேப்பர். சென்னை, மதுரை, கோவை, பெங்களூரு போகத் திட்டம். எத்தனை பிரதி கையோடு எடுத்துப் போகலாம்?
– திண்டுக்கல் வாசகர்

எடையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். புத்தகம் 18.5 × 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 160 பக்கம் என்றால் 80 தாள். எல்லாத் தாளையும் விரித்தால் ஏறக்குறைய 3.55 சதுர மீட்டர். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பரில் அது 462 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு இன்னொரு 27 கிராம். ஒரு பிரதி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 30 பிரதி 14.7 கிலோ. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. அட்டைப்பெட்டி எடையே மீதியைத் தின்றுவிடும், மாற்றுத் துணிக்கு இடம் இருக்காது. இதே புத்தகம் பூச்சில்லாத 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 380 கிராம்தான் வரும், 30 பிரதி 11.5 கிலோ. அழுத்தமான கறுப்பு நிரப்பு அதிகம் இருந்தால் பின்பக்கம் தெரியும், அதை மட்டும் ஒரு சோதனைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் அச்சேறவில்லை என்கிறீர்களே, பேப்பரை மாற்ற இதுதான் நேரம்.

கையோடு 15 பிரதி போதும். மற்றவற்றை ஒவ்வொரு ஊர்க் கடைக்கும் ஒரு வாரம் முன்பே பார்சல் சர்வீஸில் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று கடைக்காரரிடம் போனில் கேளுங்கள். ‘டோர் டெலிவரி’ என்று ரசீதில் எழுதி வாங்காவிட்டால் பெட்டி குடோனிலேயே கிடக்கும். பொங்கலை ஒட்டி அனுப்புவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள்.

ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, ஒரு பெட்டிக்கு 24 பிரதிக்கு மேல் வேண்டாம். முதலில் உள்ளே பாலிதீன் உறை, ஏனென்றால் பஸ் டிக்கியில் மழைத் தண்ணீர் இறங்கும். முதுகுப்பக்கம் ஒன்று இடமும் அடுத்தது வலமுமாக மாற்றி அடுக்கினால் அடுக்கு சாயாது. மேலே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்துவிடுங்கள். மூலை நசுங்குவது பெட்டி கீழே விழுவதால் மட்டும் இல்லை, உள்ளே புத்தகம் ஆடுவதால்தான் அதிகம்.

கையெழுத்தோடு ஒரு சின்னப் படமும் வரைந்து தருகிறேன். மூடியதும் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டிவிடுகிறது. என்ன பேனா வாங்குவது?
– கோயம்புத்தூர் வாசகர்

பேனாவைவிடத் தாளில்தான் பிரச்சினை. ஆர்ட் பேப்பரின் மேல் களிமண் பூச்சு உண்டு, அது மையை உறிஞ்சவிடாது. ஜெல் பேனா மை மேலேயே நிற்கும், மூடினால் ஒட்டும். ஆல்கஹால் மார்க்கர் உடனே காயும், ஆனால் பூச்சில்லாத தாளில் பின்பக்கம் ஊறிவிடும். முதல் தாளை மட்டும் மேப்லித்தோவில் போடும்படி அச்சகத்தில் கேளுங்கள். அதில் 0.5 மி.மீ. பிக்மென்ட் இங்க் பேனா போதும். அச்சாகிவிட்டதென்றால், வீட்டிலேயே மேப்லித்தோ தாளில் வரைந்து கையெழுத்திட்டு, 10 × 7 செ.மீ. அளவில் வெட்டி எடுத்துப்போய் அங்கே ஒட்டிக்கொடுக்கலாம். எந்தப் பேனாவானாலும் கிழிந்த பிரதி ஒன்றில் வரைந்து, அரை நிமிடம் விட்டு, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு முகம் வரைய ஒன்றரை நிமிடம், பெயர், செல்ஃபி, நலம் விசாரிப்பு ஒரு நிமிடம். மணிக்கு 24 பேர்தான். கைக்கு ஓய்வும் சேர்த்து, இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு 40 டோக்கன் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கையெழுத்து மட்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். படம் வரைந்து தரும் வழக்கம் ஊறிப்போன பிரான்சில், அங்குலேம் காமிக்ஸ் விழாவிலேயே சில பதிப்பகங்கள் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்திருக்கின்றன. நீங்கள் டோக்கன் போடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெயரைக் காதால் கேட்டு எழுதாதீர்கள். துண்டுச்சீட்டில் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். ‘கனிமொளி’ என்று மையில் எழுதிவிட்டால் அந்தப் பிரதி உங்கள் செலவு. 50 நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கை ஓயட்டும். கட்டைவிரல் மரத்தால் அன்றைக்குப் படம் போதும்.

மேடையில் பக்கங்களைத் திரையில் காட்டினேன். பின்வரிசைக்கு எதுவும் தெரியவில்லை, தமிழ் எழுத்தும் கட்டம் கட்டமாக வந்தது.
– மதுரை வாசகர்

புத்தகப் பக்கம் நெட்டு, திரை அகலம். முழுப் பக்கத்தைப் போட்டால் பாதித் திரை சும்மா கிடக்கும். ஒரு ஸ்லைடுக்கு ஒரு பேனல் (படக் கட்டம்) என்று வெட்டுங்கள், 1920 × 1080 அளவில். பேச்சுக்குமிழியை அழித்துவிட்டு வசனத்தை நீங்களே வாசித்தால் கூட்டம் படத்தைப் பார்க்கும். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதற்கு முன்பே படித்து முடித்துவிடுவார்கள். எழுத்து உடைந்ததற்குக் காரணம், உங்கள் ஃபான்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லாததுதான். எல்லா ஸ்லைடையும் படமாகவே சேமித்து, பென்டிரைவில் பிடிஎஃப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அனுப்பிய சிஎம்ஒய்கே நிறமுறைக் கோப்பு திரையில் நிறம் மாறித் தெரியலாம், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறைக்கு மாற்றிவிடுங்கள்.

காமிக் கானில் (காமிக்ஸ் ரசிகர் விழா) மேசை போடுவதா, புத்தகக் கண்காட்சிக்குப் போவதா?
– சென்னை வாசகர்

தமிழ்ப் புத்தகமென்றால் கண்காட்சி. காமிக் கானில் பிரிண்ட்டும் சாவிக்கொத்தும்தான் வேகமாகப் போகும். ஜனவரியில் சென்னை, ஆகஸ்டில் ஈரோடு. ஈரோட்டுத் திருவிழாவை ஒட்டி லயன்–முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடுவது வழக்கம். முத்து காமிக்ஸ் 1972-லிருந்து வருகிறது, அந்த வாசகர்கள் கோடும் நிறமும் பார்த்து வாங்குகிறவர்கள்.

விலை எவ்வளவு வைக்கலாம்? கடைக்காரர் விலையில் 40 சதவீதம் கழிவு கேட்கிறார்.
– திருச்சி வாசகர்

35 முதல் 40 வரை கேட்பது வழக்கம்தான். விற்றபின் பணம் என்றால் எத்தனை பிரதி கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் கணக்கு என்று டெலிவரி சலானில் கையெழுத்து வாங்குங்கள். கண்காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி எல்லாரும் எதிர்பார்ப்பது. 450 ரூபாய் போட்டால் 405 வரும், நாள் முழுக்க ஐந்து ரூபாய்க்கு அலைவீர்கள். 400 வைத்தால் 360, 500 வைத்தால் 450. நெரிசலில் நெட்வொர்க் படுத்தால் யுபிஐ நகராது, பத்து, ஐம்பது, நூறு நோட்டாக இரண்டாயிரம் ரூபாய் இருக்கட்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. போஸ்டருக்கும் டி-ஷர்ட்டுக்கும் உண்டு, பில்லில் சேர்த்து எழுதாதீர்கள்.

ஒரிஜினல் பக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டலாமா?
– சேலம் வாசகர்

நான்கைந்து போதும். பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், லக்கேஜில் வேண்டாம். மேசையில் வைக்கும்போது குடிதண்ணீர் பாட்டில் அடுத்த மேசையில் இருக்கட்டும்.