டீச்சரைக் கேளுங்கள்: புயல் எந்தப் பக்கம் கடக்கிறது?

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி புயலைப் பற்றித்தான். அப்பா காசிமேட்டிலிருந்து கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். நான் திருவொற்றியூரில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். இந்த வாரம் புயல் கேள்விகள் மட்டும்.

டீச்சர், துறைமுகத்தில் 5-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள், பிறகு 6 என்று மாற்றினார்கள். எங்கள் தெருவே பயந்துபோனது. எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்றுதானே அர்த்தம்?
*ராயபுரம் வாசகர்*

4 வரைக்கும் அப்படிச் சொல்லலாம். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரப்போகிறது. 5-லிருந்து கணக்கு வேறு. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு புயலுக்கானவை. 8, 9, 10 மூன்றும் அதைவிடக் கடுமையான புயலுக்கானவை. அந்த மூன்றுக்குள் எண் மாறுவது வலுவால் அல்ல, பக்கத்தால்.

நீங்களும் புயலோடு சேர்ந்து கடலிலிருந்து கரைக்கு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் உங்கள் இடது கைப் பக்கம் இருந்தால் 5. வலது கைப் பக்கம் இருந்தால் 6. நேர் எதிரே என்றால் 7. மேற்கு பார்த்து வருகிறவருக்கு இடது பக்கம் தெற்கு. ஆகவே சென்னையில் 5 ஏறினால் புயல் நமக்கு வடக்கே, பழவேற்காடு, நெல்லூர்ப் பக்கம் கடக்கப்போகிறது. 6 ஏறினால் தெற்கே, மாமல்லபுரம், புதுச்சேரிப் பக்கம். 8, 9, 10-க்கும் இதே வரிசைதான். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கடல் நம் கரைக்குள் வருமா என்பதைப் பெரும்பாலும் இந்த விஷயம்தான் தீர்மானிக்கிறது. வங்கக்கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அது நமக்குத் தெற்கே கடந்தால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும்; கடலைத் தூக்கிக்கொண்டு வந்து குப்பத்துக்குள் தள்ளும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கடந்தபோது, அவ்வளவு தள்ளியிருந்த காசிமேட்டில் கட்டிவைத்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தது இதனால்தான். வடக்கே கடந்தால் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குப் போகும். அலையின் உக்கிரம் குறையும். அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

2023-இல் மிக்ஜாம் ஆந்திராவில்தான் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டில் ஏன் இடுப்பளவு தண்ணீர்? கடலும் உள்ளே வரவில்லையே!
*கொருக்குப்பேட்டை வாசகி*

அம்மா, அந்தத் தண்ணீர் கடலிலிருந்து வந்ததல்ல. பாபட்லா அருகே கரை கடந்தது டிசம்பர் 5-ம் தேதி. அதற்கு முன் 3, 4 தேதிகளில் அது சென்னைக்குப் பக்கத்துக் கடலிலேயே மெதுவாக ஊர்ந்தது. ஊர்ந்த நேரமெல்லாம் மழை மேகம் நம் தலைமேல். புயல் வேகமாக ஓடிவிட்டால் காற்றோடு போகும். நின்று நகர்ந்தால் நீரில் மூழ்கடிக்கும். 20 செ.மீ. மழை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 200 லிட்டர் தண்ணீர். உங்கள் தெருவின் நீள அகலத்தைப் பெருக்கிப் பாருங்கள்.

அது போக வழி வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் தாழ்ந்த தரை. ஓட்டேரி நல்லா ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயில்தான் கொண்டுபோய் விடுகின்றன. அது நிறைந்துவிட்டால் தெருத் தண்ணீரை யார் வாங்குவது? மணலி, சடையங்குப்பம் பக்கம் இன்னும் பாவம். புழல் ஏரியின் உபரிநீரும் பூண்டி ஏரியில் திறந்துவிடும் நீரும் கொசஸ்தலை ஆறு வழியாக அங்கேதான் வந்து சேர்ந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால், அல்லது கடல் பொங்கி நின்றால், ஆறு வாசலிலேயே நின்றுவிடும். அந்த டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, வலையும் படகும் கறுத்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடித்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அலையாத்தியும் உப்பளமும் பரந்து கிடந்த கழிமுகத்தை அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டியும் கட்டடம் கட்டியும் நெருக்கியபின், வெள்ளத்துக்கு இடம் எங்கே?

அதனால் "ஆந்திராவுக்குப் போய்விட்டது" என்ற செய்தியோடு டி.வி.யை அணைக்காதீர்கள். புழலிலும் பூண்டியிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்திக்குக் காத்திருங்கள். மழை விட்ட மறுநாளும் நமக்குத் தண்ணீர் ஏறும்.

காற்றே இல்லை, வெயில் அடிக்கிறது. ஆனால் எர்ணாவூரில் அலை கல்லைத் தாண்டி ரோட்டில் விழுகிறது. என் தாத்தா "வெளியே புயல் நிக்குது" என்கிறார். எப்படித் தெரிந்தது?
*எர்ணாவூர் கல்லூரி மாணவர்*

தாத்தாவைப் பிடித்துக்கொள் தம்பி, அவர் சரியாகச் சொல்கிறார். கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஓர் அலை உடைந்து அடுத்தது உடைய எத்தனை வினாடி என்று பார். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை அடுத்தடுத்து வரும். தொலைவில் புயல் எழுப்பியது நிதானமாக, நீண்ட இடைவெளி விட்டு வரும். 12 வினாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 34 கி.மீ. ஓடுகிறது. புயல் நகர்வதோ பல நேரம் மணிக்கு 10, 15 கி.மீ.தான். அதனால் வானம் மூடுவதற்கு முன்பே அலை வந்து சேர்ந்துவிடுகிறது.

ரோட்டில் விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துறைமுகச் சுவர் கட்டியபின், தெற்கிலிருந்து கரையோரமாக வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது. ராயபுரம் முதல் வடக்கே கரையைக் கடல் அரித்தது. அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள நமக்கு மணல் இல்லை, கல்தான் இருக்கிறது. அந்தக் கல்மேலும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவு மேலும் ஏறி நின்று போட்டோ எடுக்காதே. நண்பர்களையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ.

புயல் நடுவில் காற்று சட்டென்று நின்றால் வெளியே வரலாமா?
*புதுவண்ணாரப்பேட்டை வாசகி*

கூடாது. அது புயலின் கண். 2016 டிசம்பர் 12 வர்தா அன்று சென்னையில் அப்படித்தான் நின்றது. பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தது. முதல் காற்றில் வேர் தளர்ந்த மரமும் ஆணி கழன்ற ஷீட்டும் அப்போதுதான் வரும். புயல் கடந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

பெரிய கப்பலைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் படகை மட்டும் கரையேற்றச் சொல்வது ஏன்?
*காசிமேடு வாசகர்*

கட்டிவைத்த கப்பலைக் காற்று சுவரோடு மோதவைக்கும். வெளியே போனால் இன்ஜின் வலுவில் காற்றை எதிர்த்து நிற்கும். ஆனால் தள்ளிப் போக வேண்டும். 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலில் ஓர் எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிற்காமல் இழுபட்டு, பெசன்ட் நகர் கரையில் தரைதட்டியது, உயிர்களும் போயின. கப்பலுக்கே அந்தக் கதி என்றால் ஃபைபர் படகு என்ன செய்யும்? இன்ஜினைக் கழற்றி வீட்டில் வையுங்கள். விசைப்படகுக்கு அணியத்திலும் (முன்பக்கம்) அமரத்திலும் (பின்பக்கம்) கயிறு கட்டும்போது, நீர் ஏறினால் எழும்ப இடம் விட்டுக் கட்டுங்கள். இரண்டு படகுக்கு நடுவே டயர் போடுங்கள். அதைப் பார்க்கப் படகிலேயே படுத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள்.

என் மாமியார் முகாமுக்கு வரவே மாட்டேன் என்கிறார். "சுனாமியையே பார்த்தவ நானு" என்கிறார். எப்படி அழைத்துப் போவது?
*நெட்டுக்குப்பம் வாசகி*

சண்டை போடாதே கண்ணு. அவர் பயப்படுவது புயலுக்கு அல்ல. விட்டுவிட்டுப் போனால் வலையும் இன்ஜினும் போய்விடுமே என்றுதான் பயப்படுகிறார். முதலில் உன் வீட்டுக்காரரை விட்டு அவற்றை உள்ளே தள்ளி மேடான இடத்தில் வைக்கச் சொல். மாமியார் அதைக் கண்ணால் பார்க்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், அவருடைய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி அவர் கையிலேயே கொடு. முகாமில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் விளக்கும் இருக்கிறதா என்று நீ முன்னமே போய்ப் பார்த்துவிட்டு வா. இல்லையென்றால் மாநகராட்சிக்கு 1913-இல் கூப்பிட்டுக் கேள், திரும்பத் திரும்பக் கேள். வயதானவர்கள் வர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு. அம்மா, 6-ம் எண்ணோ 9-ம் எண்ணோ ஏறினால் கடல் உங்கள் வாசலுக்குத்தான் வரும். இருட்டுவதற்குள் மருமகளோடு கிளம்பிவிடுங்கள்.