ரசீது வைத்திருந்த பெரியப்பா

கேள்வி: தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ அலங்காரத்தம்மாள், ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வெங்கு மாமா, இருவருமே பிள்ளைகளைத் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்த சுயநலக்காரர்கள். ஆனால் மாமாவைத் திட்டுகிற வாசகர்கள் அம்மாவை மன்னித்துவிடுகிறார்கள். பெற்றவள் என்பதாலா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நான் மன்னிக்கவில்லை அம்மா. கணவனை மீறி இன்னொருவனோடு உறவு வைத்த தன் பாவத்தைக் கழுவ, மகன் அப்புவைச் சின்னப் பையனாக வேத பாடசாலைக்கு அனுப்புவது சின்னக் காரியமா? அப்பு வேதம் படித்தது அவன் ஆசையில் இல்லை, அவள் பயத்தில். அதை அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நம் பக்கத்து மீட்டர் வட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். வெங்கு மாமா கொடுத்தது அந்தக் கடன். மழை நாளில் ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுவந்த கங்காவை, மாமாவின் தங்கை மகளை, அவள் அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைக்கிறார். அப்புறம் அந்தப் படிப்பையே காரணம் காட்டி அவள் உடம்பின் மேல் உரிமை கொண்டாடப் பார்க்கிறார். அவள் படித்து, வேலைக்குப் போய், சொந்தக் காலில் நின்ற பிறகும் விடுவதில்லை. ‘நீ கெட்டுப்போனவள்’ என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தால்தான் அவருடைய பிடி நிற்கும்.

கொருக்குப்பேட்டையில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீட்டில் ஒரு பெரியப்பா இருந்தார். தம்பி இறந்த பிறகு தம்பி மகளைப் படிக்க வைத்தவர். வேலைக்குப் போன அந்தப் பெண் ஒன்றாம் தேதி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சம்பளக் கவரை நீட்டுவாள். அவர் எச்சில் தொட்டு எண்ணி, பஸ்ஸுக்கு மட்டும் திருப்பிக் கொடுப்பார். அவளுக்கு வரன் வந்தால் பரணிலிருந்து பிஸ்கட் டப்பா இறங்கும். உள்ளே ஆறாம் வகுப்பிலிருந்து கட்டிய ஃபீஸ் ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு, வருஷவாரியாக. வந்தவர்கள் காபி குடிக்கும்போது ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். வெங்கு மாமாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது.

அலங்காரத்திடம் டப்பா இல்லை. கடைசியில் பாடசாலைக்கு வருகிறாள். மகன் ரிஷியாகவில்லை, பாடசாலை வீட்டில் இருக்கும் இளம் விதவை இந்துவின் மேல் பிரியம் வைத்த சாதாரண மனிதன், அவனும் அம்மா பிள்ளைதான் என்று கண்டுகொள்கிறாள். உனக்காக என்னவெல்லாம் செய்தேன் என்று அவனை மடக்கவில்லை. தன் பாவத்தைத் தானே தூக்கிக்கொண்டு காசிக்குக் கிளம்புகிறாள். காலம் கடந்துதான், ஆனாலும் கணக்கை அவளே தீர்க்கிறாள். வாசகர்களின் மனம் அவளிடம் இளகுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பெற்ற வயிறுக்கு அதில் பங்கில்லை.

நீங்கள் கேட்காமல் விட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அலங்காரத்தின் கணவர் தண்டபாணி. தன் அண்ணனான வெங்கு மாமாவின் தயவில் மகள் பிழைப்பதால் பேசாமல் இருந்த கங்காவின் அம்மா. அந்தக் கொருக்குப்பேட்டை வீட்டிலும், பெரியப்பா பணத்தை எண்ணும்போது பெண்ணின் அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பார். ஒரு நாளும் வெளியே வந்து பார்த்ததில்லை.